256 எண்களுக்குள் ஓர் உலகம்

மைன்கிராஃப்ட் உலகத்தில் கல்லின் எண் 1. புல்தரைக்கு 2, மண்ணுக்கு 3, உடைத்த கல்லுக்கு 4. ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்கும் எண் உண்டு: காற்று, 0. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் இந்த ஆட்டத்தின் முதல் வடிவத்தை வெளியிட்டபோது, அதில் உலகத்தைக் கட்டிய, பிளாக் எனப்படும் கட்டிகளின் வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பிளாக்கும் எந்த வகை என்று குறித்துக்கொள்ள ஒரு பைட் போதும் என்று அவர் வைத்துக்கொண்டார். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எழுதலாம். அன்றைய நிலையில் அது தாராளம்தான்.

அடுத்த பத்தாண்டுகளுக்கு, இந்த ஆட்டத்தில் எத்தனை மோட் போடலாம், எவ்வளவு பெரிய மோட் எழுதலாம் என்பதையெல்லாம் அந்த ஒரு பைட்டும் அதன் வாரிசுகளும்தான் தீர்மானித்தன. மோட் என்றால் ரசிகர்கள் தாங்களே எழுதி ஆட்டத்தில் சேர்க்கும் நிரல்: புது உலோகம், புது இயந்திரம், புது விலங்கு. கணினிக்கு வலு போதாமல் மோட்கள் நின்றுபோன சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. நினைவகம் காலியாகக் கிடக்கும், புராசஸர் சும்மா இருக்கும், எண் மட்டும் தீர்ந்துபோயிருக்கும்.

ஒரு பைட்டில் நிறுத்தியதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. 2010ல் ஆட்டத்தின் உலகம் எல்லையற்றதாக மாறியது. உலகத்தைச் சங்க் எனப்படும் துண்டுகளாக வெட்டி, ஆட்டக்காரர் நடக்க நடக்க உருவாக்கினார்கள். ஒரு சங்க் என்பது 16 அகலம், 16 நீளம், 128 உயரம். மொத்தம் 32,768 பிளாக். ஒவ்வொன்றுக்கும் வகை எண்ணுக்கு ஒரு பைட், நிலையைக் குறிக்க 4 பிட், வான வெளிச்சத்துக்கு 4 பிட், விளக்கு வெளிச்சத்துக்கு 4 பிட். கூட்டினால் சங்க் ஒன்றுக்கு 80 கிலோபைட். ஆட்டக்காரரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்துப் பத்து சங்க் வைத்திருந்தால் 441 சங்க், ஏறக்குறைய 35 மெகாபைட். வகை எண்ணுக்கு இரண்டு பைட் கொடுத்திருந்தால் இதோடு இன்னொரு 14 மெகாபைட் கூடியிருக்கும், வட்டில் எழுதும் கோப்பும் பெருத்திருக்கும். பிளாக் வகைகளே நூற்றைத் தொடாத ஓர் ஆட்டத்துக்கு இந்தச் செலவு எதற்கு? பெர்சனின் இடத்தில் இருந்திருந்தால் எந்த நிரலாளரும் ஒரு பைட்டோடுதான் நிறுத்தியிருப்பார்.

நிலைக்கு ஒதுக்கிய 4 பிட் தனிக் கதை. அதில் 16 நிலைகளுக்குத்தான் இடம். கம்பளியின் 16 நிறங்களும் 35 என்ற ஒரே எண்ணுக்குள் கச்சிதமாக அடங்கின. பதினேழாவது நிறத்துக்கு வழியில்லை. படிக்கட்டு எந்தத் திசை பார்க்கிறது, கதவு திறந்திருக்கிறதா என்பதெல்லாமும் இந்த நான்கு பிட்டுக்குள்தான் போயாக வேண்டும். திசைக்கே இடம் போய்விடுவதால் மரப்படிக்கும் கற்படிக்கும் தனித்தனி எண் தேவைப்பட்டது. மோட் எழுதியவர்களை இந்தக் கணக்கு கடுமையாக வாட்டியது. பத்து வகைக் கல்லுக்குப் படிக்கட்டு செய்ய ஆசைப்பட்டால் பத்து எண் போச்சு.

மோட் எழுத அதிகாரபூர்வமான வாசல் எதுவும் அப்போது கிடையாது. ஆட்டம் ஜாவா மொழியில் எழுதப்பட்டிருந்ததால், இயங்கும் கோப்பைப் பிரித்து மூல நிரலை ஓரளவு மீட்டுவிடலாம். ஆனால் வெளியிடும்போது வகுப்புகளின் பெயர்களையெல்லாம் ஒற்றை எழுத்து, இரட்டை எழுத்து என்று சிதைத்துத்தான் வெளியிட்டார்கள். அந்த எழுத்துகளுக்கு மறுபடி அர்த்தமுள்ள பெயர் சூட்டிக் கொடுத்தது 2010ல் ரசிகர்கள் உருவாக்கிய எம்சிபி என்ற கருவித் தொகுப்பு. மோட் நிறுவுவதும் ஒரு சடங்கு போலத்தான் நடந்தது. மைன்கிராஃப்ட் ஜார் கோப்பை வின்ரார் மாதிரி ஏதாவது ஒன்றால் திறக்க வேண்டும், மோட் கோப்புகளை உள்ளே இழுத்துப் போட வேண்டும், மறக்காமல் மெட்டா-இன்ஃப் என்ற கோப்புறையை அழிக்க வேண்டும். அழிக்க மறந்தால் ஆட்டம் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அந்தக் காலத்து யூடியூப் பாடங்களில் பாதி இந்தக் கோப்புறையை அழிக்கச் சொல்லத்தான் எடுக்கப்பட்டனவோ என்று தோன்றும்.

இரண்டு மோட்கள் ஒரே வகுப்புக் கோப்பைத் திருத்தியிருந்தால், பின்னால் போட்டது முன்னால் போட்டதை அழித்துவிடும். முதல் முட்டுக்கட்டை அதுதான். ரிசுகாமி என்ற புனைபெயரில் இயங்கியவர் எழுதிய மோட்லோடர் இதைப் பெருமளவு தளர்த்தியது. பொதுவான சில இடங்களை அது மட்டும் திருத்திக்கொண்டு, மற்ற மோட்கள் தன் வழியாகப் போகும்படி செய்தது. மோட்கள் அருகருகே வாழத் தொடங்கின. உடனே அடுத்த சுவர் தெரிந்தது.

அந்தச் சுவர் ஒரு படத்தில் இருந்தது. ஆட்டத்தின் பிளாக் படங்கள் எல்லாம் ஒரே படக்கோப்பில், குறுக்கே 16, நெடுக்கே 16 என்று கட்டம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. அங்கேயும் 256 தான். அதில் ஆட்டமே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த வெற்றுக் கட்டங்களைத் தேடிப்பிடித்து மோட்களுக்குப் பங்கிட்டது மோட்லோடர். கட்டம் தீர்ந்ததும், இனி காலி இடம் இல்லை என்று பிழைச் செய்தி காட்டி ஆட்டத்தை மூடிவிடும். பிளாக் எண் மிச்சமிருக்கும், அதற்கு ஒட்டப் படத்துக்குத்தான் இடமிருக்காது.

எண்களின் கையிருப்பும் வேகமாகக் கரைந்தது. 2011 ஜூலையில் வந்த பீட்டா 1.7.3 பதிப்பில் ஆட்டம் பயன்படுத்திய மிகப் பெரிய பிளாக் எண் 96. மோட்களுக்கு மிச்சம் 159. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி முழுப் பதிப்பு 1.0 வெளியானபோது டிராகன் முட்டை 122ஆம் எண்ணில் வந்து உட்கார்ந்தது. மிச்சம் 133. அந்த நேரத்தில்தான் பில்ட்கிராஃப்ட், இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட், ரெட்பவர் என்று இயந்திரமும் குழாயும் கம்பியுமாகப் பெரிய மோட்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பத்து, இருபது எண் கேட்டது. ஆட்டத்தின் அடுத்த பதிப்பு எந்த எண்ணை எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. எடுத்துக்கொண்டால் மோட்காரர்தான் நகர்ந்து வழிவிட வேண்டும்.

நகர்வதும் சுலபமில்லை. உலகத்தின் சேமிப்புக் கோப்பில் பிளாக்கின் பெயர் எழுதப்படவில்லை, எண் மட்டும்தான் இருந்தது. ரயிலில் ஒரே பெர்த் எண்ணுக்கு இரண்டு பேர் டிக்கெட்டோடு வந்து நிற்பது போல இரண்டு மோட்கள் ஒரே எண்ணைக் கேட்டால், இன்ன இடத்தில் ஏற்கெனவே இன்னார் இருக்கிறார் என்று எழுதிவிட்டு ஆட்டம் கிராஷ் ஆகிவிடும். ஒருவரை வேறு எண்ணுக்கு மாற்றலாம்தான். ஆனால் பழைய உலகத்தைத் திறந்தால் நேற்று வரை தாமிரத் தாதுவாக இருந்த இடமெல்லாம் வேறு ஏதோ இயந்திரமாக நிற்கும். மோட்டை நீக்கிவிட்டால் அந்த இடங்கள் காற்றாகிவிடும். வாரக்கணக்கில் கட்டிய தொழிற்சாலைகளை இப்படி இழந்தவர்கள் அநேகம்.

இதைச் சமாளிக்க ஒரு நாட்டுவழக்கம் உருவானது. ஒவ்வொரு மோட்டும் தன் எண்களை ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி வைத்தது. மோதல் வந்தால் ஆட்டக்காரரே நோட்பேடில் திறந்து திருத்திக்கொள்ளலாம். கருவிகள், உணவு முதலான பொருட்களுக்கு எண் 256க்கு மேல் தொடங்கியது. அங்கே முப்பதாயிரத்துக்கு மேல் இடமிருந்ததால் நெருக்கடி இல்லை, ஆனால் வேறொரு கண்ணி இருந்தது. கோப்பில் 5000 என்று எழுதினால் ஆட்டத்துக்குள் அது 5256 ஆகிவிடும். புதிதாக வந்தவர்களில் இதில் சிக்கிக் குழம்பாதவர் குறைவு. எண் மோதலைக் கண்டுபிடித்து, காலி எண்ணைத் தேர்ந்தெடுக்கத் திரையில் பட்டியல் காட்டுவதற்கென்றே ஐடி ரிசால்வர் என்று ஒரு மோட் வந்தது. மோட்களுக்குள் சண்டை தீர்க்க இன்னொரு மோட்!

பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் இது இன்னும் சிக்கல். சர்வரிலும் ஒவ்வொருவர் கணினியிலும் எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். டெக்னிக், டெக்கிட், 2012ல் வந்த ஃபீட் த பீஸ்ட் போன்ற மோட்பேக்குகள் அத்தனை பிரபலமானதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதற்குரிய இடம் கிடைப்பதில்லை. ஐம்பது அறுபது மோட்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண் மோதாமல் அடுக்கி, அந்த உரைக் கோப்புகளோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கொடுத்தார். ஆட்டக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தொகுப்பாளரின் ரசனையைப் பாராட்டினார்கள். அவர் பார்த்த கணக்குப்பிள்ளை வேலையைக் கண்டவர்கள் சிலர்தான்.

இதற்குள் 2011ல் ஃபோர்ஜ் பிறந்திருந்தது. பில்ட்கிராஃப்ட், ரெட்பவர் ஆகியவற்றை எழுதியவர்கள் உள்ளிட்ட சிலர் சேர்ந்து, எல்லா மோட்களும் பகிர்ந்துகொள்ளும் இணைப்புப் புள்ளிகளை ஆட்டத்துக்குள் ஏற்படுத்தினார்கள். மோட்கள் தங்கள் படங்களைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ள ஃபோர்ஜ் வழி செய்ததால் படக்கட்டப் பஞ்சம் தணிந்தது. 2013 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பில் ஆட்டமே ஒவ்வொரு படத்தையும் தனிக் கோப்பாக்கி, தொடங்கும்போது தானே சேர்த்துத் தைத்துக்கொள்ளத் தொடங்கியது. பிளாக் எண்ணை மட்டும் ஃபோர்ஜால் தனியாக அசைக்க முடியவில்லை. அது உலகத்தின் சேமிப்பு வடிவத்திலேயே பதிந்திருந்தது.

அதை அசைத்தது 2012 மார்ச் 1 அன்று வந்த 1.2.1 பதிப்பு. ஆன்வில் என்ற புதிய சேமிப்பு முறையில் உலகின் உயரம் 128லிருந்து 256 ஆனது. சங்க், 16 அளவுள்ள கனசதுரங்களாக மேலும் வெட்டப்பட்டது. கூடவே, தேவைப்பட்டால் மட்டும் எழுதும்படி ஒவ்வொரு பிளாக்குக்கும் கூடுதலாக 4 பிட். எட்டோடு நான்கு சேர்ந்து 12 பிட். எண்கள் 256லிருந்து 4,096 ஆகின. இதில் வேடிக்கை, ஆட்டத்தை உருவாக்கும் மொஜாங் நிறுவனத்துக்கு அந்தக் கூடுதல் இடம் கடைசிவரை தேவைப்படவே இல்லை. 2017ல் வந்த 1.12 பதிப்பு வரை ஆட்டத்தின் சொந்த பிளாக்குகள் 255க்குள்ளேயே இருந்தன. அந்த நான்கு பிட்டின் முழுப் பயனையும் அனுபவித்தவர்கள் மோட் எழுதியவர்கள்தான்.

சுவரின் ஒரு பகுதி அப்போதும் இடியாமல் நின்றது. புதிய நிலப்பரப்பை உருவாக்கும் நிரல் பழைய ஒற்றை பைட் வரிசையையே பயன்படுத்தியது. எனவே மலையோடும் மண்ணோடும் சேர்ந்து பிறக்க வேண்டிய பிளாக்குகள் 256க்குக் கீழே இருந்தாக வேண்டும். பழைய எண்கள் விலைமதிப்புள்ள மனைகள் ஆயின. இயந்திரங்களை மேலே அனுப்பிவிட்டு, புதுவகைப் பாறைக்காகவும் மண்ணுக்காகவும் கீழே இடம் ஒதுக்கி வைப்பது தொகுப்பாளர்களின் வழக்கமானது.

பிளாக் எண் தளர்ந்ததும் அதுவரை பின்னால் மறைந்திருந்த எல்லைகள் ஒவ்வொன்றாக முன்னுக்கு வந்தன. பயோம் எனப்படும் நிலவகைக்கு ஒரு பைட், ஆகவே 256. காடும் பாலைவனமும் புதிது புதிதாகச் சேர்க்கும் மோட்கள் இங்கே மோதிக்கொண்டன. மருந்து விளைவுகளுக்கு ஆட்டத்தில் இருந்த இடமோ வெறும் 32. இவற்றைவிட மர்மமாகத் தாக்கியது ஜாவாவின் பெர்ம்ஜென் என்ற பகுதி. வகுப்புகளின் விவரங்களை ஜாவா வைத்திருந்த தனி நினைவக அறை அது. எட்டு ஜிபி ராம் இருந்தாலும் அந்த அறை சிறியதுதான். மோட் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் வகுப்புகளைக் கொண்டுவர, அறை நிரம்பி ஆட்டம் விழுந்தது. ராம் வாங்கிப் போட்டும் பயனில்லாமல் திகைத்தவர்களுக்குத் தேவைப்பட்டது, தொடக்கக் கட்டளையில் அந்த அறையை 256 மெகாபைட்டாக்கும் ஒற்றை வரி. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 அந்த அறையையே ஒழித்தது.

இந்தக் கதை மைன்கிராஃப்டுக்கு மட்டும் உரியதல்ல. அதன் முழுப் பதிப்பு வெளிவந்ததற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 2011 நவம்பர் 11 அன்று, பெத்தெஸ்டா நிறுவனத்தின் ஸ்கைரிம் ஆட்டம் வந்தது. அங்கே ஒவ்வொரு வாளுக்கும் மனிதருக்கும் கல்லுக்கும் பதினாறடிமான முறையில் எட்டு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம், அது எந்த மோட்டிலிருந்து வந்தது என்று சொல்லும். இரண்டு இலக்கத்தில் 256. கடைசி எண் ஆட்டத்தின் நடுவே பிறக்கும் பொருட்களுக்கு. ஆகவே ஆட்டத்தின் மூலக் கோப்பையும் சேர்த்து 255 கோப்புகள்தான். இரண்டாயிரம் பொருள் சேர்க்கும் மோட்டுக்கும் ஓர் இடம், ஒரே ஒரு வாள் சேர்க்கும் மோட்டுக்கும் ஓர் இடம். சின்னச் சின்ன மோட்களை ஒன்றாகத் தைத்து இடம் மிச்சம் பிடிப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. 2017ல் பெத்தெஸ்டா எடைகுறைந்த மோட்களுக்கென்று ஒரு வகை கொண்டுவந்தது: அவை எல்லாம் ஒரே முதல் எண்ணைப் பகிர்ந்துகொண்டு, அடுத்த மூன்று இலக்கங்களால் பிரிந்து நிற்கும். மூன்று இலக்கத்தில் 4,096. ஆன்வில் போய் நின்ற அதே எண்.

மைன்கிராஃப்ட் பக்கம் 2013 அக்டோபரில் வந்த 1.7 பதிப்பு, பிளாக்குகளுக்கு எண்ணுக்குப் பதில் பெயரை முன்னிறுத்தியது. ஃபோர்ஜ் அதைப் பற்றிக்கொண்டது. மோட் தன் பெயரை மட்டும் சொன்னால் போதும். எண்ணை ஃபோர்ஜே ஒதுக்கி, எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை உலகத்தின் சேமிப்பிலேயே எழுதி வைத்துவிடும். நோட்பேடில் எண் திருத்தும் காலம் ஒரே நாளில் முடிந்தது போல இருந்தது. மோதல் ஒழிந்தது, ஆனால் பஞ்சம் ஒழியவில்லை. சேமிப்பின் அடியில் இன்னும் அதே 12 பிட்தான். மோட் சேர்ப்பது சுலபமானதும் தொகுப்புகள் இருநூறு முந்நூறு மோட்களுக்குப் பெருத்தன, 4,096ம் நிரம்பியது.

இந்த நெருக்கடியில் விளைந்த தந்திரங்கள் சுவையானவை. கிரெக்டெக் என்ற மோட் ஆயிரக்கணக்கான இயந்திரங்களையும் கம்பிகளையும் ஒரே பிளாக் எண்ணுக்குள் அடைத்தது. பிளாக்கின் எண் "இது ஓர் இயந்திரம்" என்பதை மட்டும் சொல்லும். எந்த இயந்திரம் என்பது அந்த இடத்தோடு தனியே சேமிக்கப்படும் தகவலில் இருக்கும். எண் மிச்சம், ஆனால் அந்தத் தனித் தகவல் நினைவகத்தையும் புராசஸரையும் தின்றது. இன்னொரு தரப்பினர் நேரடியாகவே இறங்கினார்கள். நாட்-எனஃப்-ஐடிஸ் என்ற மோட், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் சேமிப்பு நிரலையே திருத்தி, 12 பிட்டை 16 பிட்டாக விரித்தது. மொஜாங் தராததை ரசிகர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி ஆவது முதல்முறையல்ல. ஆரம்பத்தில் ஒவ்வொரு சங்க்கும் தனிக் கோப்பாக வட்டில் சிதறிக் கிடந்தபோது, 1,024 சங்க்குகளை ஒரே கோப்பில் அடுக்கும் மெக்ரீஜியன் முறையை ஒரு ரசிகர்தான் மோட்டாக எழுதினார். 2011 பிப்ரவரியில் வந்த பீட்டா 1.3 பதிப்பில் மொஜாங் அதை ஏற்றுக்கொண்டது. பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010ல் தொடங்கிய மைன்டெஸ்ட் என்ற கட்டற்ற ஆட்டமோ, உலகத்தின் ஒவ்வொரு கனசதுரத்தோடும் பெயர்–எண் பட்டியலைச் சேர்த்தே வட்டில் எழுதும் வழக்கத்துக்கு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. தீர்வு தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. கோடிக்கணக்கானோரின் பழைய உலகங்கள் உடையாமல் அதைக் கொண்டுவருவதுதான் மொஜாங்கின் பாடு.

கொண்டுவந்தது 2018 ஜூலை 18 அன்று, 1.13 பதிப்பில். வகை எண்ணையும் 4 பிட் நிலையையும் சேர்த்தே தூக்கி எறிந்தார்கள். வெள்ளைக் கம்பளி ஒரு பிளாக், சிவப்புக் கம்பளி இன்னொரு பிளாக் என்று எல்லாம் தனித்தனிப் பெயர் பெற்றன. ஒவ்வொரு 16 அளவுக் கனசதுரமும் தனக்குள் இருக்கும் பிளாக் நிலைகளின் சிறு பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்பதை மட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் குறிக்கும். ஓர் இடத்தில் கல், மண், தாது, காற்று என்று பத்து வகைதான் இருந்தால் இடம் ஒன்றுக்கு 4 பிட் போதும். பழைய முறையில் வகைக்கும் நிலைக்குமாக 12 பிட் செலவானது. உலகத்தில் மொத்தம் எத்தனை வகை இருந்தால் என்ன, இந்தக் கனசதுரத்தில் எத்தனை இருக்கிறது என்பதே கேள்வி. அந்தப் பதிப்பில் ஆட்டத்தின் சொந்த பிளாக் நிலைகளே 8,000த்தைத் தாண்டின, சேமிப்புக்கு ஒரு சிரமமும் இல்லை. மிச்சமும் பிடித்து எல்லையையும் உடைத்த இந்த மாற்றம், மொஜாங் செய்த பொறியியல் வேலைகளில் அதிகம் பேசப்படாத சிறப்பான ஒன்று.

மோட்காரர்கள் துள்ளிக் குதித்தார்களா? இல்லை. பழைய எண்ணையும் நிலையையும் நம்பி எழுதிய நிரல் அத்தனையையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது. ஃபோர்ஜே புதிய பதிப்புக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆனது. பெரிய தொகுப்புகள் பல 1.12.2 பதிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டன. எண் பஞ்சம் உள்ள ஊரிலேயே இருந்துகொண்டு, விரித்துக் கொடுக்கும் மோட்களைப் போட்டுக் காலம் தள்ளினார்கள்.

எண் எல்லை போன பிறகு மிஞ்சியிருப்பது நேரத்தின் எல்லை. ஆட்டம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லிநொடி. உலகத்தின் உலைகள், குழாய்கள், விலங்குகள் அனைத்தும் அதற்குள், பெரும்பாலும் ஒரே வரிசையில் நின்று, தங்கள் முறையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால், ஈடுகொடுக்க முடியவில்லை என்று சர்வர் பதிவேட்டில் ஒரு வரி விழும், உலகம் மெதுவாகும். படங்களைச் சேர்த்துத் தைக்கும் பெரும்படத்துக்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஓர் அளவு வைத்திருக்கிறது. மீறினால் குறைந்த தெளிவுள்ள படங்களைப் போட்டுப் பாருங்கள் என்று பிழைச் செய்தியே யோசனை சொல்லும்.

பழைய வீட்டைக் காலி செய்யாதவர்களும் இருக்கிறார்கள். கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ் என்ற மாபெரும் தொகுப்பு இன்றும், 2014ல் வந்த 1.7.10 பதிப்பின் மேல்தான் நிற்கிறது. எண்களை விரிக்கும் மோட்டைத் தங்களுக்கேற்ப மாற்றி வைத்துக்கொண்ட அதன் தன்னார்வலர்கள், பழைய ஜாவாவுக்காக எழுதப்பட்ட ஆட்டத்தை ஜாவா 17லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும்படி செய்துவிட்டார்கள். இன்னமும் அதற்குப் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.